துறைமுகத்துப் பார்வை

ஓர் ஊரைக் கண்டேன் என்று சொல்லும் உரிமை ஒருவனுக்கு எப்போது உண்டாகின்றது? அங்கே பிறந்து வளர்ந்தவனுக்கே அவ்வுரிமை உண்டெனின், உலகத்துப் பயண நூல்கள் அனைத்தையும் தீக்கிரையாக்க வேண்டியதுதான். கால்வைத்த எவர்க்கும் அது உண்டெனின், அவ்வூரில் வாழ்வோர் தம்மைப் பற்றிப் பிறர் சொல்வதையெல்லாம் வாய்மூடிக் கேட்டிருத்தல் வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையில் எங்கோ ஓர் எல்லைக்கோடு இருக்கின்றது. கல்விக்காகக் கடல் கடந்த ஒரு மாணவனின் துறைமுகக் குறிப்புக்களைத் துணையாகக் கொண்டு அக்கோட்டை இங்கே தேடிப் பார்க்கின்றேன். எனக்கு நேர்ந்த ஒன்றையும் இறுதியிற் சொல்லவேண்டியுள்ளது. உண்மையில் அதனாலேயே இவ்வினா எனக்கு வினாவாயிற்று.

1888 ஆம் ஆண்டு செப்டெம்பர் 4 ஆந் திகதி பம்பாயிலிருந்து 'கிளைட்' என்னும் கப்பல் புறப்பட்டது. சட்டம் பயில இலண்டன் சென்ற மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி அதில் இருந்தார். பத்தொன்பது வயது நிரம்ப அவருக்கு இன்னும் நான்கு வாரங்கள் இருந்தன. ஆங்கிலம் பேசக் கூச்சம். கத்தியும் முள்ளுக்கரண்டியும் பிடிக்கத் தெரியாது. ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே உண்டார். இலண்டன் சேர்ந்தபின் நவம்பர் மாதத்தில் இப்பிரயாணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். ஏறக்குறைய 120 பக்கங்கள் கொண்டிருந்த அக்குறிப்பேட்டில், உறவினர் ஒருவர் பிற்காலத்திற் படியெடுத்து வைத்த சுமார் 20 பக்கங்களே எஞ்சியுள்ளன. மகாத்மாவைத் தேடி அதனைப் புரட்டுபவர் ஏமாறுவர். செலவுக்கணக்குப் பார்க்கும் ஒரு பையனே அங்கு இருக்கின்றான்.

கப்பல் முதலில் நின்ற இடம் ஏடன். அது தீவன்று, கடலுக்குள் நீண்ட எரிமலைப் பாறை. ஆயினும் மேற்றளத்தில் நிற்பவனுக்கு எந்தத் துறைமுகமும் தீவே. அதன் பின்னால் உள்ள நிலம் அவனுக்கு இல்லை. அங்கே ஐரோப்பியர் சிலர் கடலிற் காசு எறிகின்றனர். ஏழைச் சிறுவர் மூழ்கி அதனை எடுக்கின்றனர். அதுவே அவர்களது பிழைப்பு. தாமும் அவ்வாறு செய்யக்கூடுமானால் நன்று என்று காந்தி எழுதுகின்றார். இரக்கமோ அருவருப்போ அன்று, ஆசையே முதலில் எழுகின்றது. தாமும் தோழர்களும் வேடிக்கை பார்த்ததன்றி ஒரு தம்பிடியும் எறியவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. மூவர் கரைக்குப் போகப் படகுக்கு இரண்டு ரூபாய் கொடுக்க நேர்ந்ததைக் குறித்து, இங்கிலாந்தின் செலவு எப்படியிருக்கும் என்பது அன்றே விளங்கத் தொடங்கியது என்கின்றார். ஏடனிற் பார்க்கத் தக்கவை எனப் பேர்பெற்ற நீர்த்தேக்கங்களைக் காணுமுன் நேரம் முடிந்துவிட்டது.

இக்காட்சி எமக்குப் புதியதன்று. 1875 இல் அடிக்கல் நாட்டப்பட்ட கொழும்பு அலைதாங்கி 1885 இல் முடிவுற்றதன் பின், காலியில் நின்ற கப்பல்கள் கொழும்பை நாடின. கீழைநாடுகளிலிருந்து இங்கிலாந்து செல்லும் மாணவர் பலருக்கு இலங்கையே இடைவழித் தீவாயிற்று. கொழும்பிலும் சிறுவர் மரக்கட்டைத் தோணிகளில் வந்து காசுக்காக மூழ்கினர். வணிகர் கப்பலேறி மாணிக்கக் கற்களை விரித்தனர். அவற்றுட் சில எங்கள் இரத்தினபுரி மண்ணில் எடுத்த நீலங்கள். சில வெறுங் கண்ணாடி. அன்றைய பிரயாண நூல்கள் பலவற்றில் இலங்கை என்பது அச்சிறுவர், அக்கல் வணிகர், கறுவாத்தோட்டம், கண்டிப் புகையிரதம் என்ற நான்குக்கு மேல் அதிகம் விரிவதில்லை.

மத்தியதரைக் கடலின் மோல்டா உண்மையான தீவு. அங்கே கிடைத்த சில மணிநேரத்தில் காந்தியும் உடன்சென்றவரும் புனித யோவான் தேவாலயத்தையும் ஆயுதசாலையையும் பார்த்தனர். மோல்டாவில் வாழ்ந்தோர் எப்படிப்பட்டவர் என்று அறிய அவருக்கு வழியிருக்கவில்லை. அதற்கு முன் இத்தாலியின் பிரிண்டிசியிற் கரையிறங்கிய இடத்தில், இளம் பெண்களைக் காட்டி அழைக்கும் தரகர் எதிர்கொள்வர் என்றும், அவர்களுக்கு எவ்வாறு மறுமொழி சொல்லவேண்டும் என்றும் பின்வருவோர்க்கு அறிவுரை எழுதி வைக்கின்றார். அறிவுரை நல்லதே. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். துறைமுகத்தில் அந்நியனை எதிர்கொள்வோர் யாவர்? படகோட்டி, வண்டிக்காரன், வழிகாட்டி, தரகன். வருவோர் போவோரைக் கொண்டே பிழைக்கும் இவர்களை, அக்கப்பலே இவ்வாறு ஆக்கிற்று. கப்பலில் வந்தவனோ அவர்களைக் கண்டு, இவ்வூரார் இத்தன்மையர் என்று முடிவு செய்கின்றான். தன் நிழலை அளந்துவிட்டு ஊரை அளந்தேன் என்கின்றான். நான்கு மணிநேரம் என்பது குறைவு என்பதாற் பிழை நேரவில்லை. நாற்பது நாள் துறைமுகத்திலேயே நின்றாலும் அவன் காண்பது அதே நால்வரைத்தான்.

சப்பிரகமுவத் தோட்டங்களில் வளர்ந்தவர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் மலையடிவாரத்தில் இறப்பரும் மேலே தேயிலையும் விளைகின்றன. சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். இடையிடையே எங்கள் லயங்கள். நுவரெலியாவைப் போல் இங்கு உல்லாசப் பிரயாணிகள் குவிவதில்லை. ஆயினும் வருவோர் உண்டு. தேர்தலுக்கு வருவோர், ஆய்வுக்கு வருவோர், வெள்ளமும் மண்சரிவும் வந்தால் உலர் உணவோடு வருவோர். அவர்களை எதிர்கொள்பவர் துரையின் அனுமதி பெற்ற கணக்கப்பிள்ளையும் நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு தலைவரும் ஆவர். காட்டப்படுவது பாதையோரத்து வெள்ளையடித்த லயம். விடியுமுன் பால்வெட்டப் போனவள், வாளியோடு ஸ்டோரில் நிறுவைக்குக் காத்து நிற்பவள், அவர்கள் கண்ணிற் படுவதில்லை. எமக்கும் துறைமுகங்கள் உண்டு, கடல்தான் இல்லை.

இதே மாணவர் பின்னர் 1893 இல், படிப்பு முடிந்த வழக்கறிஞராகத் தென்னாபிரிக்காவுக்குச் சென்றபோது கிழக்காபிரிக்கக் கரையோரத்து லாமுத் தீவிற் கப்பல் மூன்று நான்கு மணிநேரம் நின்றது. துறைமுகம் ஆபத்தானது, காலத்தோடு திரும்புக என்று கப்பித்தான் எச்சரித்திருந்தார். தபால் நிலையத்தில் இந்திய எழுதுவினைஞரைக் கண்டு மகிழ்ந்து பேசிய காந்தி, அங்குள்ள ஆபிரிக்க மக்களின் வாழ்க்கை முறையையும் அறிய முயன்றார். அதில் நேரம் போயிற்று. திரும்புகையில் நீரோட்டம் வலுத்துப் படகு கப்பலின் ஏணியை அணுக முடியவில்லை. நண்பர் ஒருவர் பத்து ரூபாய்க்கு அமர்த்திய வேறொரு படகு அவரை ஏற்றிக்கொண்டது. அதற்குள் ஏணி தூக்கப்பட்டுவிட்டமையால் கயிற்றினால் மேலே இழுக்கப்பட்டார். ஏடனில் நேரம் முடிந்தது என்று திரும்பியவர், லாமுவிற் கப்பலையே தவறவிடும் நிலைக்கு வந்தார். நானறிந்தவரையில் ஓர் ஊரைக் காண்பதற்கு விலை என்று ஒன்று உண்டென்றால் அது இத்தகையதே.

கடலில் இன்னொரு வகைப் பிரயாணமும் இருந்தது. என் பூட்டனார் இளமையில் மண்டபம் முகாமிற் பரிசோதிக்கப்பட்டுத் தலைமன்னார் வழியாக இத்தீவுக்கு வந்தவர். அக்கால முறைப்படி தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரச்சீட்டுடன் வந்தோர் பலர். அவர்கள் தீவைப் பார்க்க வரவில்லை. எண்ணப்படவும் அம்மை குத்தப்படவும் பெயர் பதியப்படவும் வந்தார்கள். கொழும்பில் இறங்கி நகரத்தைச் சுற்றிய மாணவனும் அவர்களும் ஒரே தீவில் கால்வைத்தனர் என்பதைப் பூகோளம் மட்டுமே ஒப்புக்கொள்ளும். யட்டியந்தோட்டை வரையும் 1912 இல் இரத்தினபுரி வரையும் சென்ற களனிவெளிப் புகையிரதப் பாதை எங்கள் மலைகளின் தேயிலையையும் இறப்பரையும் அதே துறைமுகத்துக்கு இறக்கிற்று. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்திற்கும் 1964 இன் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்திற்கும் பின், இந்தியா 5,25,000 பேரை ஏற்பதென்று எழுதப்பட்ட கணக்கில் என் அப்பாயியின் தங்கை குடும்பமும் அடங்கிற்று. கோச்சியேறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறினார்கள். கப்பல் என்ற சொல் எங்கள் வீட்டில் அழாமல் சொல்லப்பட்டதை நான் கேட்டதில்லை.

மேற்றளமும் கீழ்த்தளமும் ஒருவரிடத்தே சந்தித்ததும் உண்டு. மலையகத் தமிழ்ச் சமூகத்திற் பிறந்து கேம்பிரிட்ஜ் சென்று படித்து மீண்ட பெரி. சுந்தரம், அவருக்கு முன் அதே பல்கலைக்கழகத்திற் பயின்ற சேர் பொன்னம்பலம் அருணாசலத்துடன் சேர்ந்து 1919 இல் தொழிலாளர் நலனுக்கான சங்கத்தில் உழைத்தார். 1931 இல் தொழில் அமைச்சருமானார். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யரோ மாணவரல்லர். அந்நியர் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடைவை வியாபாரியாக நுழைந்து தொழிலாளரைக் கண்டார். அவர் போட்டது வேடந்தான். ஆயினும் புடைவைக்காரனை லயத்து வாசலில் இருத்திப் பெண்கள் பேரம் பேசுவர், பரிகசிப்பர், ஊர்பேர் விசாரிப்பர். பார்க்க வந்தவர் பார்க்கப்படவும் வேண்டியதாயிற்று.

இனி என் கதைக்கு வருகின்றேன். இரண்டாம் வருடத்தில் களப்பயணமாக எங்கள் குழு யட்டியந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குச் சென்றது. எங்கள் தோட்டத்திலிருந்து அது இரண்டு மலை தள்ளியது. நான் லயத்திற் பிறந்தவன் என்பதை உடன்பயில்வோர் எவர்க்கும் சொல்லியிருக்கவில்லை. முகவரி கேட்டோருக்கு நகரத்துக் கடையொன்றின் முகவரியைக் கொடுத்திருந்தேன். அனுமதி, அலுவலகம், கணக்கப்பிள்ளை, வெள்ளையடித்த லயம் எல்லாம் முறைப்படி நடந்தன. எமக்கு மூன்று மணிநேரம் தரப்பட்டது. வினாக்கொத்துடன் ஓர் இஸ்தோப்பில் அமர்ந்திருந்த மூதாட்டியிடம் சென்றேன். வருமானம், அங்கத்தவர் தொகை, மலசலகூடம் எல்லாவற்றுக்கும் விடை சொன்னார். வீட்டில் மது அருந்துவோர் உளரா என்ற வினாவுக்கு வந்தபோது என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ அந்தப் பக்கத்துத் தோட்டம், கீக்கணக்குப் பால்வெட்டுக்காரி பேரனில்ல? ஒங்க அப்பாயி மூக்கு அப்படியே இருக்கே."

பின்னால் நண்பர் இருவர் நின்றனர்.

"இல்ல பாட்டி, நான் டவுன்" என்றேன்.

"அப்படிங்களா சார்" என்றார். அவ்வளவுதான். ஆனால் 'நீ' போய்ச் 'சார்' வந்ததை நான் கேட்டேன். மதுப்பழக்கமே இம்மக்களின் முன்னேற்றத்துக்குத் தடை என்று அறிக்கையில் எழுதினேன். எனக்கு நல்ல புள்ளி கிடைத்தது.

பிறப்பே உரிமை தருவதெனின், அன்று அங்கு வந்தோருள் அவ்வுரிமை எனக்கொருவனுக்கே இருந்தது. இருந்தும் எல்லாரினும் தொலைவில், கரையே இறங்காமல் நின்றவன் நானே. ஆகவே பிறப்பிலும் அக்கோடு இல்லை. தங்கிய நேரத்திலும் இல்லை. தான் காணும் மனிதர் தன்னைக் காண்பதற்கு ஒருவன் இசைகின்றானா என்பதிலேதான் அது இருக்கின்றதென்று இப்போது எண்ணுகின்றேன். ஏடனில் அப்பதினெட்டு வயதுப் பையன் ஊரைப் பற்றிச் சொன்னவை மிகச் சில. ஆனால் காசு எறியாத தன்னை, மூழ்க ஆசைப்பட்ட தன்னை, இரண்டு ரூபாய்க்கு வருந்திய தன்னை அக்குறிப்பில் நிறுத்தியிருக்கின்றான். அச்சிறுவருள் ஒருவன் அதனைப் படிக்க நேர்ந்தால் அவனைப் பார்த்துச் சிரிக்கலாம். என் அறிக்கையைப் படிக்கும் அம்மூதாட்டியால் என்னை அதில் எங்கும் கண்டுபிடிக்க முடியாது. இவ்வாறு எல்லாரும் தம்மை வெளிப்படுத்திக்கொண்டிருந்தால் ஆய்வு என்னாவது என்று விரிவுரையாளர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு முழு விடை என்னிடம் இல்லை. மறைந்து நின்று எழுதிய ஒரு வாக்கியத்தின் பாரம் மட்டும் எனக்குத் தெரியும்.

சென்ற விடுமுறையில் அத்தோட்டத்துக்குத் தனியே போனேன். மூதாட்டி அதே இஸ்தோப்பில் இருந்தார். நான் யாருடைய பேரன் என்பதைச் சொன்னேன்.

"அது அன்னைக்கே தெரியுமே" என்றார். அப்பாயியின் முழங்கால் வலி, எங்கள் தோட்டத்தில் இறப்பரை வெட்டிச் செம்பனை நட்ட கதை, இந்தியாவுக்குப் போன தங்கையிடமிருந்து கடிதம் வருகின்றதா என்பது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விசாரித்தார். என்னிடம் அன்று வினாக்கொத்து இல்லை. அவரிடந்தான் இருந்தது. பல கேள்விகளுக்கு எனக்கு விடை தெரியவில்லை.

தேநீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "எப்ப போறே? கடைசி பஸ் நாலரைக்குப் போயிரும். நேரத்தப் பாத்துக்க தம்பி."

நான் நேரத்தைப் பார்த்தேன். அன்றும் அந்த பஸ்ஸைத் தவறவிடவில்லை.