எதற்காகச் சறுக்குகிறாய்?

மினியாபோலிஸ் நகரத்துக்குள்ளேயே பெரிய ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான ப்டே மக்கா ஸ்காவைச் சுற்றிவர ஏறத்தாழ 5 கிலோமீட்டர். நடப்பவர்களுக்கு ஒரு பாதை, சக்கரங்களில் போகிறவர்களுக்குத் தனியே இன்னொரு பாதை. ஒரு ஜூலை மாத மாலையில் அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, என் கல்லூரித் தோழி சுற்றி வருவதற்காகக் காத்திருந்தேன். தலையில் ஹெல்மெட், முழங்கால், முழங்கை, மணிக்கட்டு எல்லாவற்றிலும் காப்பு, காலில் ஒரே வரிசையில் நான்கு சக்கரங்கள் கொண்ட இன்லைன் ஸ்கேட். வயது நாற்பத்து மூன்று. இரண்டாவது சுற்றில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிவந்து, விடுதி மொட்டை மாடியில் மழையில் நனைந்த நாளில் இருந்தது போல இருந்தாள்.

"எதுக்குடி இந்த வயசுல இது?" என்றேன்.

"விண்டர்ல ஸ்கீ பண்றேன்ல, அதுக்குத்தான். ஏழெட்டு மாசம் சும்மா இருந்தா காலு மறந்துடும். அப்புறம், ஃபிட்னஸுக்கும் நல்லது."

மூச்சு வாங்குவதற்குள் இரண்டு காரணங்கள். பலரிடம் பலமுறை சொல்லிப் பழகிய பதில் அது என்று கேட்டவுடனே தெரிந்தது. அவள் பேசிக்கொண்டிருந்தபோதே அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் ஆண், சட்டையில்லாமல், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்கேட்டில் எங்களைக் கடந்து போனார். அவரிடம் எதற்கு என்று கேட்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. பெண்ணியம் பற்றி வகுப்பெடுக்கிற, அதைப் பற்றிக் கவிதையும் எழுதுகிற எனக்கு வரவில்லை.

தோழி சொன்னது பொய்யில்லை. மலைச்சரிவில் பனியில் இறங்குகிறவர்கள் முழங்காலை மடக்கி, முன்னங்காலின் எலும்பு காலணியின் முன்பக்கத்தை அழுத்தும்படி நிற்க வேண்டும். திரும்பும்போது வளைவின் வெளிப்பக்கக் காலில் எடையைப் போட வேண்டும். இன்லைன் ஸ்கேட்டிலும் கிட்டத்தட்ட இதேதான். நெடுந்தூரம் போகிற கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கில், 1980களில் பரவிய ஸ்கேட்டிங் பாணி இன்னும் நெருக்கமானது: ஒரு காலைப் பக்கவாட்டில் தள்ளி, மறுகாலில் முழு எடையோடு வழுக்கிப் போவது. நிற்பதுதான் வேறு. பனியில் பலகைகளைக் குறுக்கே திருப்பினால் பனி விட்டுக்கொடுத்து நிறுத்தும். தார்ப்பாதை எதையும் விட்டுக்கொடுக்காது. குதிகாலில் இருக்கிற ரப்பர் கட்டையை நம்ப வேண்டியதுதான். போட்டிக்குப் போகிறவர்கள் கோடையில் இதைவிட ரோலர் ஸ்கீ என்ற நீண்ட சக்கரப் பலகைகளையே அதிகம் பயன்படுத்துகிறார்கள். என் தோழியைப் போல வார இறுதியில் பக்கத்துக் குன்றுக்குப் போகிறவர்களுக்கு ஸ்கேட்டே போதும்.

இந்தக் காலணி பரவலானதற்கும் அதே ஊர்தான் காரணம். 1980இல் மினியாபோலிசைச் சேர்ந்த ஓல்சன் சகோதரர்கள், ஐஸ் ஹாக்கி ஆடுகிறவர்கள், ஒரு பழைய இன்லைன் ஸ்கேட்டைப் பார்த்து அதை மேம்படுத்தினார்கள். பனி இல்லாத மாதங்களில் பயிற்சி செய்வதற்காக. ரோலர்பிளேட் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. ஆகவே, காரணம் சொல்லிக்கொண்டு விளையாடுவது பெண்களுக்கே உரியது என்று நான் சொல்ல வரவில்லை. ஆண்களும் அப்படித்தான் தொடங்கினார்கள். ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தக் காரணம் உதிர்ந்துவிட்டது. சட்டையில்லாத அந்த மனிதர் அதைச் சுமந்துகொண்டு போகவில்லை. என் தோழி இன்னும் சுமக்கிறாள்.

கேள்வி இதுதான்: ஒரு பெண் தன் மகிழ்ச்சிக்குக் காரணம் காட்ட வேண்டியிருக்கும்போது, அந்தக் காரணம் உண்மையாகவே இருந்தாலும், அவள் எதையாவது இழக்கிறாளா?

அமெரிக்க மெய்யியலாளர் ஐரிஸ் மரியன் யங் 1980இல் எழுதிய ஒரு கட்டுரையை முதுகலை மாணவிகளோடு படிப்பதுண்டு. பெண்பிள்ளைகள் ஏன் பந்தை 'பெண்பிள்ளை மாதிரி' எறிகிறார்கள் என்று கேட்கிற கட்டுரை. கை மட்டும்தான் எறிகிறது, உடலின் மற்ற பாகங்கள் அதில் சேர்வதில்லை. தசை பலம் குறைவு என்பது மட்டும் இதற்கு விடையாகாது என்கிறார் யங். தன் உடலைச் செயல்படும் ஒன்றாக உணரும் அதே நேரத்தில், பிறர் பார்க்கிற ஒன்றாகவும் அடிபட்டுவிடக்கூடிய ஒன்றாகவும் அவள் உணர்கிறாள். அதனால் ஒரு பாதி செய்யும்போது மறுபாதி பின்வாங்குகிறது. கைக்கெட்டும் தூரம் வரை இருக்கிற வெளியைக்கூட அவள் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை.

வகுப்பில் இதைப் பேசும்போது எல்லோருக்கும் புரிந்துவிடும். எனக்கு இது உடலில் புரிந்தது அந்த ஏரிக்கரையில். மூன்றாம் நாள் தோழி தன் பழைய ஸ்கேட்டை எனக்கு மாட்டிவிட்டாள். எழுந்து நின்றதும் என் உடல் தானாகப் பின்னால் சாய்ந்தது. பயந்தால் பின்னால் சாய்வோம், அதுதானே பத்திரம் என்று உடல் நினைக்கிறது. ஸ்கேட்டில் அதுவே விழ வைக்கிறது. எடை குதிகாலுக்குப் போனதும் சக்கரங்கள் முன்னால் ஓடிவிடுகின்றன. பனிச்சறுக்கிலும் இதே கதைதான் என்றாள் அவள். சரிவைப் பார்த்துப் பயந்து பின்னால் சாய்கிறவருக்குப் பலகை கட்டுப்படாது. கட்டுப்பாடு வேண்டுமென்றால் பள்ளத்தை நோக்கி முன்னால் சாய வேண்டும்.

"முன்னாடி சாய். முட்டிய மடக்கு. விழுந்தா முன்னாடியே விழு, காப்பு இருக்கு."

விழுந்தேன். மணிக்கட்டுக் காப்பின் பிளாஸ்டிக் தார்ப்பாதையில் தேய்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உள்ளங்கையில் ஒரு கீறல்கூட இல்லை. நாற்பது வயதுக்கு மேல், பொது இடத்தில், பலர் பார்க்க விழுந்தேன். ஒருவரும் நின்று பார்க்கவில்லை. சின்ன வயதில் மரமேறினால், மதிலில் நடந்தால், 'விழுந்து கைகால் போனால் யார் கட்டுவான்?' என்று கேட்பார்கள். விழாமல் இருப்பது எனக்காக அல்ல, இன்னொருவருக்கு முழுசாக ஒப்படைப்பதற்காக என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது.

இதை நம் ஊரின் தனிச்சொத்து என்று நினைத்துவிடக் கூடாது. பனிச்சறுக்குத் தாண்டல் போட்டி ஆண்களுக்கு 1924 முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் இருக்கிறது. 2005இல்கூட, சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த ஜான் ஃபிராங்கோ காஸ்பர், மருத்துவ நோக்கில் அது பெண்களுக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை என்று வானொலியில் சொன்னார். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் தங்களைச் சேர்க்கக் கோரி வீராங்கனைகள் நீதிமன்றம் போனார்கள். அவர்களை ஒதுக்குவது பாகுபாடுதான், ஆனால் உள்ளூர் அமைப்பாளர்களின் கையில் அந்த முடிவு இல்லை என்று தீர்ப்பு வந்தது. 2014இல் சோச்சியில்தான் பெண்கள் தாண்டினார்கள். தொண்ணூறு ஆண்டுகள்.

அப்போது 'உன் உடலுக்கு ஆகாது' என்றார்கள். இப்போது 'உன் உடலுக்கு நல்லது' என்கிறார்கள். நான் இரண்டையும் சமமாக வைக்கவில்லை. தடுப்பதைவிட அனுப்புவது ஆயிரம் மடங்கு மேல். தொடைத் தசைகள் பலமாக இருப்பது முழங்காலுக்குப் பாதுகாப்பு. பனிச்சறுக்கில் மூட்டுத் தசைநார் கிழிவது பெண்களுக்கே அதிகம் என்பதால் இது வெறும் சாக்கும் அல்ல. ஆனாலும் இரண்டு பேச்சிலும் உடல் ஏதோ ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. பராமரிக்க வேண்டிய பண்டம் அது. 'ஃபிட்னஸ்' என்ற சொல் பெண்களின் வாயில் பெரும்பாலும் எடை என்றுதான் முடிகிறது. என் தோழியின் கைக்கடிகாரம் ஒவ்வொரு சுற்றிலும் எரிந்த கலோரியைச் சொல்லும். அதைப் பார்க்கும்போது மட்டும் அவள் முகம் மாறும்.

அதே மின்னசோட்டா மாநிலத்தில் வளர்ந்த ஜெஸ்ஸி டிக்கின்ஸ் நினைவுக்கு வருகிறார். 2018 பியோங்சாங்கில் கிக்கன் ராண்டலுடன் சேர்ந்து, கிராஸ் கன்ட்ரியில் அமெரிக்காவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றவர். போட்டியும் ஸ்கேட்டிங் பாணியில்தான். கன்னத்தில் மினுக்குப் பொடி பூசிக்கொண்டு ஓடுவார். ஓட்டம் கொண்டாட்டம் என்று தனக்கே நினைவூட்டிக்கொள்வதற்கு. அவருக்கு அந்த நினைவூட்டல் தேவைப்பட்டது. பதின்ம வயதின் இறுதியில் உணவுக் கோளாறு நோயால் துன்பப்பட்டுச் சிகிச்சை பெற்றதை அவரே வெளிப்படையாகப் பேசியும் 2020இல் வந்த தன் நூலில் எழுதியும் இருக்கிறார். உலகத்திலேயே மிகத் திடமான உடல்களில் ஒன்றைக் கொண்ட பெண்ணுக்கு, அந்த உடலே எதிரியாகத் தோன்றிய காலம் இருந்திருக்கிறது. விளையாட்டு அவரைக் காப்பாற்றியதா, நோய்க்குத் தள்ளியதா என்று வெளியில் இருந்து நான் சொல்ல முடியாது. ஆனால் உடற்பயிற்சி என்ற சொல்லுக்குப் பின்னால் போனால் எப்போதும் நலம்தான் இருக்கும் என்று மாணவிகளிடம் இனி என்னால் சொல்ல முடியாது.

பெர்னார்டு சூட்ஸ் என்ற மெய்யியலாளர் 1978இல் விளையாட்டுக்கு ஒரு வரையறை தந்தார். தேவையில்லாத தடைகளை விரும்பி ஏற்றுக் கடக்க முயல்வதே விளையாட்டு என்பது அதன் சாரம். பனிச்சறுக்கை எண்ணிப் பாருங்கள். விசையேற்றத்தில் உட்கார்ந்து மலையுச்சிக்குப் போய், ஏறிய இடத்துக்கே வழுக்கி வருவது. ஏரியைச் சுற்றுவதும் அப்படித்தான், கிளம்பிய பெஞ்சுக்கே வந்து சேர்கிறோம். இதில் பயன் தேடுவது கோலம் அழியத்தானே போகிறது என்று கேட்பது போல. (கோலத்துக்கும் இப்போது மூளைக்குப் பயிற்சி, இடுப்புக்குப் பயிற்சி என்று காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள்.)

இன்னொரு பக்கமும் உண்டு. சாக்கு இல்லாமல் வெளியே வர முடியாத பெண்ணிடம், சாக்கைத் தூக்கிப் போடு என்று உபதேசிக்க எனக்கு என்ன உரிமை? கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுத் தோழியைப் பார்க்கப் போன தலைமுறை என் அம்மாவுடையது. அம்மா கோயிலுக்கும் போனாள். அதனால் பொய்யும் இல்லை. அந்த ஒரு மணி நேரம் அவளுக்குக் கிடைத்தது, அதுதான் முக்கியம். ஆனால் கோயில் பூட்டியிருந்த நாட்களில் அவள் வீட்டிலேயே இருந்தாள் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. சாக்கின் விலை அங்கேதான் தெரிகிறது. காரணம் போகும் நாளில் மகிழ்ச்சியும் கூடவே போக வேண்டியிருக்கிறது.

போன மே மாதம் தோழி அழைத்தாள். மகன் கல்லூரியில் சேர்கிறான், செலவு அதிகம், வரும் குளிர்காலத்துக்குப் பனிச்சறுக்கு சீசன் பாஸ் வாங்கவில்லை என்றாள். குரலில் வருத்தம் இருந்தது, பெரிய வருத்தமில்லை.

"ஸ்கேட்டிங்?"

"அதைத்தான் இவரும் கேட்டார். ஸ்கீயிங்தான் இல்லையே, அப்புறம் எதுக்கு ஸ்கேட்டுன்னு."

"நீ என்ன சொன்னே?"

"யோசிச்சேன்டி. வாய்ல ஒண்ணும் வரலை. சாவி எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டேன். இப்போ ஏரிலதான் இருக்கேன்."

கடிகாரம் என்ன சொல்கிறது என்று கேட்டேன். சார்ஜ் போட மறந்துவிட்டாளாம். பிறகு அந்தப் பக்கம் மணிக்கட்டுக் காப்பின் பட்டையை இழுத்து ஒட்டுகிற சரக்கென்ற சத்தம், ஒரு கைக்கு, பிறகு மறு கைக்கு. வெளிச்சம் போவதற்குள் இரண்டு சுற்றாவது போக வேண்டும், வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.