நாயின் குணமும் மனிதனின் வினையும்

விலங்குப் பிறவி போகயோனி என்பதும், பழவினையின் பயனை அது அநுபவித்துக் கழிக்குமேயன்றிப் புதுவினை ஈட்டாது என்பதும், ஆகவே மானைக் கொல்லும் புலியைப் பாவம் பற்றாது என்பதும் நம் பெரியோர் பலர் கொண்ட சித்தாந்தம். புலியைப் பொறுத்தமட்டில் இதை ஏற்பதில் எனக்குத் தடையொன்றும் தோன்றுவதில்லை. நாயை நினைக்கும்போதுதான் மனம் தயங்குகிறது. புலியின் ஸ்வபாவத்தை மனிதன் வகுக்கவில்லை. ஓநாயின் வழியில் தோன்றி, 14,000 ஆண்டுகளுக்குக் குறையாமல் அவனை அண்டி வாழ்ந்துவரும் நாயின் உடலையும் உள்ளத்தையுமோ, இன்னதோடு இன்னது சேரவேண்டும், இன்னது சந்ததியின்றிப் போகவேண்டும் என்று தீர்மானித்துத் தன் இச்சைப்படி அவனே திருத்தி அமைத்திருக்கிறான். அவ்வாறு அமைக்கப்பட்ட குணத்தினால் விளையும் நன்மை தீமைகள் யாருடைய கணக்கில் சேரும்?

இங்கிலாந்தின் புல்டாக் இனத்தின் சரித்திரத்தை எடுத்துக்கொள்வோம். காளையைக் கட்டிப்போட்டு, அதன்மேல் நாயை ஏவி, நாய் காளையின் மூக்கைக் கவ்விக்கொண்டு எத்தனை அடிபட்டாலும் விடாமல் தொங்குவதைக் கண்டு களிக்கும் குரூரமான கேளிக்கை அந்நாட்டில் நெடுங்காலம் நடந்துவந்தது. நோவை மதியாத மூர்க்கமும் விடாப்பிடியும் உள்ள நாய்களையே தேர்ந்து தேர்ந்து இனப்பெருக்கம் செய்ததனால் அந்த இனம் உருவாயிற்று. 1835-ஆம் ஆண்டு பார்லிமெண்டு அந்தக் கேளிக்கையைச் சட்டத்தால் தடுத்தது. தொழிலிழந்த அந்த நாயை அழியவிட மனமில்லாத ஆர்வலர்கள், அதுமுதல் சாந்தமானவற்றையே பொறுக்கிச் சேர்த்து வளர்க்கத் தொடங்கினர். சில தலைமுறைகளுக்குள், காளையின்மேல் பாய்ந்த நாயின் வழித்தோன்றல் குழந்தைகளின் காலடியில் படுத்துறங்கும் சாதுப் பிராணியாயிற்று. பிறவிக் குணம் மாறாது என்று உறுதியாகச் சொல்பவர்கள் இந்த மாற்றத்தைச் சற்று ஊன்றி நோக்கவேண்டும்.

ஆனால் குணத்தைத் திருத்திய அதே கை உடலைக் கெடுத்தது. 1873-இல் கென்னல் கிளப் தோன்றி, நாய்க் கண்காட்சிகளும் பரிசுகளும் பெருகிய காலத்தில், முகம் தட்டையாக இருப்பதே அழகு என்றாயிற்று. தலை பெருத்து, மூக்கு உள்ளடங்கி, மூச்சுவிடுவதே பிரயாசையாகி, பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையின்றிக் குட்டி ஈன முடியாத நிலைக்கு அந்த ஜீவன் வந்து சேர்ந்தது. இதை அதன் பூர்வ கர்மம் என்று சொல்லிக் கைகழுவ என் மனச்சாட்சி இடம் தரவில்லை. கர்மம் உண்மையாயின், இது செய்தவனுடைய கர்மம்.

மற்ற இனங்களின் கதையும் இத்தன்மையதே. ஜெர்மனியில் அபோல்டா நகரில் வரி வசூலித்துவந்த லூயிஸ் டோபர்மான் தமக்குக் காவலாக ஒரு நாயை விரும்பினார்; ஸ்காட்லாந்தில், பின்னாளில் ட்வீட்மவுத் பிரபுவான டட்லி மார்ஜரிபேங்க்ஸ், சுடப்பட்டு வீழ்ந்த பறவையைப் பல் படாமல் கவ்விக்கொணரும் நாயை விரும்பினார்; அவருடைய பண்ணையில் 1868-இல் பிறந்த மஞ்சள் நிறக் குட்டிகளிலிருந்தே கோல்டன் ரிட்ரீவர் வம்சம் தொடங்குகிறது. ஒருவருடைய அச்சம் ஒரு குலத்தின் விழிப்பாயிற்று. மற்றவருடைய வேட்டை விநோதம் இன்னொரு குலத்தின் மென்மையாயிற்று.

எனினும் நாயின் மனம் முழுவதும் மனிதன் செய்த பண்டம் என்று கருதிவிடலாகாது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டி அமெரிக்க விஞ்ஞானிகள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், தனியொரு நாயின் நடத்தையில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 9 சதவீதத்தையே இனத்தைக்கொண்டு விளக்க முடிந்தது. ஒவ்வொரு நாயும் தனியொரு ஜீவன் என்று நம்புகிறவர்களுக்கு இது வியப்பளிக்காது. வேறுபாடு நாய்க்கு நாய் உண்டு. மனிதனை அண்டி வாழும் இயல்போ எல்லா இனங்களுக்கும் பொது.

அந்த இயல்புதான் என்னை மிகவும் கலங்கச் செய்கிறது. மகாபாரதத்தின் முடிவில், தன்னைப் பின்தொடர்ந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக யுதிஷ்டிரர் மறுத்தார். அடைந்தாரைக் கைவிடுதல் அதர்மம் என்பது அவர் கூறிய காரணம். அந்த நாயின் பக்தியை யுதிஷ்டிரர் உண்டாக்கவில்லை. அது தானாக வந்தது. நாமோ, மனிதனை அடைந்தே தீரவேண்டிய இயல்பைத் தலைமுறை தலைமுறையாக ஒரு பிராணியின் இரத்தத்தில் வளர்த்து வைத்திருக்கிறோம். தானாக வந்த நாய்க்கே அவர் அவ்வளவு கடமைப்பட்டாரென்றால், நம்முடைய கடன் எத்தனை மடங்கு பெரிது!

இந்தக் கடனில் வளர்ப்பவன் மட்டுமே பங்காளி என்பதற்கில்லை. உண்பதற்காக ஊனை விலைக்கு வாங்குகிறவனையும் கொலைக்குக் காரணமாக்கிய வள்ளுவரின் நியாயம் இங்கும் செல்லும். மூச்சுத் திணறும் தட்டை முகத்தை அழகென்று சொல்லி விலை கொடுப்பவரும், சைபீரியப் பனிக்கென்று அடர்ந்த ரோமத்தோடு பிறந்த ஹஸ்கியைச் சென்னையின் சித்திரை வெயிலில் வளர்க்க விரும்பி முன்பணம் கட்டுகிறவரும், அடுத்த ஈற்றுக்கு உத்தரவு கொடுக்கிறார்கள்.