முடிவு யாருடையது?

மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து, ‘மருந்து’ அதிகாரத்தை நிறைவு செய்தார் வள்ளுவர். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பது அவர் வகுத்த வரிசை. அதில் நோயுற்றவரே முதலில் நிற்கிறார். நம் இல்லங்களிலோ, நோயுற்றவர் பெண்ணாயின் அவ்வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுகிறார்.

மார்பகப் புற்றுநோயில் இதனைத் தெளிவாகக் காணலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் வகுத்த முறையில், மார்பகத்தோடு அடித்தசைகளும் அக்குள் நிணநீர்க் கணுக்களும் அகற்றப்பட்டன. நெடுங்காலம் அதுவே நெறி. தேர்ந்தெடுக்க வேறொன்றும் இல்லை. பின்னர் இத்தாலியில் வெரோனேசியும் அமெரிக்காவில் பிஷரும் நடத்திய ஆய்வுகள் நிலைமையை மாற்றின. நோயின் தொடக்கத்தில், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும், மார்பகம் முழுவதையும் இழந்தவர்களும் ஒத்த அளவிலேயே உயிர்வாழ்ந்தனர் என்பதை 2002இல் வெளியான 20 ஆண்டு முடிவுகள் உறுதிசெய்தன.

இவ்விரு வழிகளும் எல்லார்க்கும் பொருந்தா. கட்டியின் அளவு, பரவல் முதலியவற்றை ஆராய்ந்து கூற வேண்டியவர் மருத்துவரே. ஆயின் இரண்டும் பொருந்துமிடத்து, உறுப்பைக் காப்பதா, நாள்தோறும் கதிர்வீச்சுக்குச் சென்றுவரும் வாரங்களைத் தவிர்ப்பதா, எஞ்சிய மார்பில் மீண்டும் கட்டி வருமோ என்னும் அச்சத்தைத் தாங்க இயலுமா என்று நிறுத்துப் பார்க்கும் தராசு அவ்வுடலில் வாழ்பவளிடமே உண்டு.

திருநெல்வேலியிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்து சாலையில் வேர்கொண்ட குடும்பங்கள் நம்முடையவை. 1981இல் நிறுவப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையம் இந்நகரிலேயே இருப்பது நம் பேறு. ஆயினும் சாலைக் கடைத்தெருவில் ஒரு சேலை எடுக்க நான்கு கடை ஏறி இறங்கும் பெண், மருத்துவர் முன் வாய் திறப்பதில்லை. கணவரோ மகனோ பேசுகின்றனர். கடையில் சரளமாக மலையாளம் பேசுபவளும் அச்சம் சூழ்ந்த வேளையில் தாய்மொழியையே நாடுவாள். அப்போது மகன் அவள் கேள்வியை மொழிபெயர்த்தால் போதும். அவளுக்காக விடையும் சொல்லிவிடலாகாது.

“உண்மை தெரிந்தால் மனம் ஒடிந்துபோவாளே, மறைப்பதும் அன்புதானே?” என்பர். மார்பின் தையலும் உதிரும் முடியும் சொல்லிவிடும் செய்தியை எத்தனை நாள் மறைக்க இயலும்? மறைத்தால் அவள் தனித்திருந்து அஞ்சுவாள். “எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டா, நீங்களே முடிவு செய்யுங்கள்” என்று அவளே கூறுவாளாயின், அதுவும் மதிக்கத்தக்க முடிவுதான். ஆனால் அதனை அவள் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு முன் நாம் அவளைக் கேட்க வேண்டும்.

அருகிருந்து பேணுபவர் வள்ளுவர் வரிசையில் நான்காமவர். அவ்விடம் பெருமைக்குரியது, ஆயினும் முதலிடம் ஆகாது.