உரிமையும் பழக்கமும்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலைப் பக்கம் கைத்தொலைபேசிக் கடைகளில் நிற்போர் விலையை மட்டும் கேட்பதில்லை. வேறு நிறுவனத்தின் கருவிக்கு மாற எண்ணுபவர், "பழையதில் உள்ளவை எல்லாம் இதற்கு வந்துவிடுமா?" என்றும் கேட்பர். எளிய வினாவாகத் தோன்றினும் இதனுள் ஓர் அறவினா அடங்கியுள்ளது. மாறுவோர் படும் தொல்லை அவர்தம் பழக்கத்தின் விளைவா? அன்றி, அவர்க்குரிய ஒன்றைப் பிறர் பிடித்து வைத்திருப்பதன் விளைவா?

இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பலரின் மயக்கம். ஐஃபோனில் பழகிய விரல் ஆண்ட்ராய்டு கருவியில் தடுமாறும். ஆங்கில எழுத்தொலி வழியே தமிழைத் தட்டியவர், தமிழ்99 விசைப்பலகையைக் கண்டால் ககரம் எங்கே எனத் தேடுவர். எரிச்சல் உண்மையே, ஆயினும் சில கிழமைகளில் அது அடங்கும். எழுத்துச் சீர்திருத்தத்தைச் சிங்கப்பூர் 1983இல் ஏற்றபோது, துதிக்கைபோல் வளைந்த பழைய ஐகாரக் குறியை எழுதிப் பழகிய ஆசிரியர் கைகளும் கரும்பலகைமுன் தயங்கியிருக்கும். ஆனால் பழைய நூல்கள் படிக்க இயலாதனவாகிவிடவில்லை. கைக்குச் சற்று வருத்தம், உடைமைக்கு இழப்பில்லை.

கைத்தொலைபேசியில் நிகழ்வதோ வேறு. சேவை நிறுவனத்தை மாற்றினும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு சிங்கப்பூரில் 1997இல் தொடங்கி, 2008 ஜூனில் முழுமை பெற்றது. எண் வாடிக்கையாளரோடு செல்ல வேண்டும் என்பது ஏற்கப்பட்டது. அந்த எண் வழியே வந்த உரையாடல்களின் நிலை என்ன? வாட்ஸ்அப் உரையாடல்களை ஐஃபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு அப்படியே கொண்டுசெல்ல, 2021 வரை அந்நிறுவனம் அமைத்த வழி எதுவும் இல்லை. மறுதிசைக்கு 2022 வரை காத்திருக்க நேர்ந்தது. ஊரிலுள்ள தாய் அனுப்பிய குரற்செய்தியைப் பேணி வைத்திருக்கும் தொழிலாளிக்கு எண்ணைவிட அதுவன்றோ பெரிது!

மூடிய அமைப்பே பாதுகாப்பு என உற்பத்தியாளர் கூறுவர். அதில் ஓரளவு உண்மையுண்டு. வீட்டைப் பூட்டுவது காவல்தான். குடியிருந்தவர் வெளியேறும்போது அவர் பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டுவதைக் காவல் என்று எவரும் சொல்லார்.

தமிழர்க்கு இத்துன்பம் புதிதன்று. 1990களில் பல எழுத்துருக்கள் தத்தமக்கெனத் தனிக் குறியீடு வைத்திருந்தன. ஒன்றில் தட்டிய கட்டுரை மற்றொன்றில் பொருளற்ற குறிகளாய்ச் சிதறும். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் கூடிய தமிழிணைய மாநாடுகள் பொதுத்தரம் வேண்டுமென ஆராய்ந்தன. பின்னர் யூனிகோடு பரவியது. இன்று ஒரு கருவியில் எழுதிய தமிழ் மற்றொன்றிலும் தமிழாகவே தோன்றுகிறது. எழுத்துரு அமைக்கும் கலையும் அதனால் அழிந்துவிடவில்லை.

புதிய கைத்தொலைபேசிகளின் மின்னூட்டத் துளை ஒரே வகையினதாக இருத்தல் வேண்டும் என்னும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2024 திசம்பர் இறுதியில் நடைமுறைக்குக் கொணர்ந்தது. துளை பொதுவாயிற்று. ஒரு கருவிக்கென விலை கொடுத்து வாங்கிய செயலியையோ, மாறுபவர் பெரும்பாலும் மீண்டும் விலை கொடுத்தே பெற வேண்டியுள்ளது.