வாங்கிய சைக்கிளின் சாவி யாரிடம்?

வீட்டுக்குள் ஓட்டும் உடற்பயிற்சி சைக்கிளில் மர்மம் ஒன்றும் இல்லை. கனமான சக்கரம் ஒன்று சுழல்கிறது. குமிழைத் திருகினால் காந்தம் சக்கரத்தை நெருங்கும், மிதிப்பது கடினமாகும். ஒவ்வொரு சுற்றையும் ஒரு சென்சார் எண்ணி, புளூடூத் வழியாக அனுப்பும். அந்த எண்ணை எந்தச் செயலி படிக்கலாம் என்று முடிவுசெய்ய வேண்டியவர் யார்? காசு கொடுத்து வாங்கியவரா, செய்து விற்றவரா?

2025 ஜூலையில் அமெரிக்காவில் இந்தக் கேள்வி பலருடைய வீட்டுக்குள் வந்து நின்றது. எஷலான் நிறுவனம் அனுப்பிய ஒரு மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு, அதன் கருவிகள் இயங்கத் தொடங்குவதற்கே நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்றாயிற்று. கியூஇசட் என்ற சுயேச்சைச் செயலியின் உதவியால் அதே சைக்கிளை ஸ்விஃப்ட் போன்ற மெய்நிகர் பயிற்சித் தளங்களில் ஓட்டிவந்தவர்களுக்கு வழி அடைபட்டது. சைக்கிள் பழுதாகவில்லை. விற்ற பொருளின் இயல்பை, விற்றவர் விற்றபின் மாற்றினார்.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. பயிற்சி வகுப்புகள் அதன் உழைப்பு. அவற்றுக்குச் சந்தா கேட்பது முறை, கட்டாமல் திருடிப் பார்ப்பது தவறு. சந்தா வருமானத்தை நம்பிக் கருவியின் விலையைக் குறைத்திருக்கவும் கூடும். அப்படியானால் அந்த நிபந்தனையை விலை பேசும்போதே சொல்லியிருக்க வேண்டும். பணம் கைமாறியபின் ஒருவர் மட்டும் சேர்க்கும் நிபந்தனையை ஒப்பந்தம் என்று எப்படிச் சொல்வது? தவிர, வகுப்பு நிறுவனத்துடையது என்றால், மிதித்த சுற்றின் கணக்கு மிதித்தவருடையது.

பாதுகாப்பு என்பது இன்னும் வலுவான வாதம். ஒரு குழந்தை உயிரிழந்ததையடுத்து, 2021 மே மாதம் பெலோட்டான் நிறுவனம் தனது ட்ரெட் பிளஸ் டிரெட்மில்லைத் திரும்பப் பெற்றது. பிறகு நான்கு இலக்க எண் பூட்டு ஒன்று அப்டேட்டாக வந்தது. தேவையான பூட்டுதான். ஆனால் மாதம் 39 டாலர் சந்தா இல்லாதவர்களால் டிரெட்மில்லை ஓட்டவே முடியாமல் போனது. கண்டனம் எழுந்தபின் சந்தாவைத் தற்காலிகமாகத் தள்ளுபடி செய்தார்கள். குழந்தையைக் காக்கும் பூட்டு வேறு, வருமானத்தைக் காக்கும் பூட்டு வேறு. முதலாவதன் பெயரால் இரண்டாவதை மாட்டுவது அறம் ஆகாது.

சட்டம் எங்கே நிற்கிறது? 2004இல் சேம்பர்லைன் வழக்கில், கார் கொட்டகைக் கதவின் திறப்பானை வாங்கியவர் வேறு நிறுவனத்தின் ரிமோட்டைக் கொண்டும் அதை இயக்கலாம் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ஆனால் 1998இன் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் மென்பொருள் பூட்டை உடைப்பதைத் தடுக்கிறது. 2021 முதல், பழுது நீக்குவதற்காக உரிமையாளர் அந்தப் பூட்டைத் திறக்க விலக்கு உண்டு. திறக்கும் கருவியைச் செய்து பிறருக்குக் கொடுக்க அந்த விலக்கு இடம் தரவில்லை. வேறு மென்பொருளுடன் இணைந்து இயங்குவதற்குச் சட்டத்திலேயே ஒரு விதி இருக்கிறது. அதன் எல்லை எதுவரை என்பதை நீதிமன்றப் படியேறித்தான் அறிய வேண்டும்.

எஷலான் பூட்டைத் திறப்பவருக்கு, நுகர்வோர் உரிமைக்காக இயங்கும் ஃபுலு அறக்கட்டளை 20,000 டாலர் பரிசு அறிவித்தது. ஒரு பொறியாளர் திறந்தும் விட்டார். சட்டத்துக்கு அஞ்சி, வழியை அவர் வெளியிடவில்லை.

இதுதான் அநீதியின் மையம். சாவி செய்யத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கும் உரிமை, உரிமை அல்ல. திறமைக்குக் கிடைத்த சலுகை. வேறு மென்பொருளைப் பொருத்துபவர் அதனால் வரும் கேட்டுக்குத் தாமே பொறுப்பேற்கட்டும். வகுப்புகளைத் தொடாமல் இருக்கட்டும். அந்தக் கடமைகளை ஏற்றவருக்குச் சாவியைக் கொடுப்பதைக் குற்றம் என்று வைத்திருக்கும் விதி திருத்தப்பட வேண்டும். அந்தப் பொறியாளரிடம் உள்ள சாவி மற்றவர்கள் கைக்கும் போய்ச் சேரும் நாளில்தான் அந்தச் சைக்கிள்கள் முழுமையாக விற்கப்பட்டவை ஆகும்.