சந்தேகமும் சாட்சியும்

கூட்டு வியாபாரத்தில், "கணக்கை ஓர் ஆடிட்டரிடம் காட்டலாமே" என்று சொல்லிப் பாருங்கள். "ஏன், என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று பங்காளியின் முகம் சுருங்கிவிடும். கணக்குக் கேட்பது அவமதிப்பா?

ஆடிட்டர் என்ற லத்தீன் சொல்லுக்குக் 'கேட்பவர்' என்றே பொருள். ஒருவர் கணக்கை வாசிக்க, அவர் உட்கார்ந்து கேட்பார். ஆடிட்டர் காவல் நாய்தான், வேட்டை நாய் அல்ல என்று 1896-ல் ஓர் ஆங்கில நீதிபதி சொல்லியிருக்கிறார்.

காவல் நாயும் சில சமயம் கண்ணயர்ந்துவிடும் என்பது வாஸ்தவம்தான். ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்கில் ரூ.5,000 கோடிக்கு மேல் இல்லாத ரொக்கத்தைக் காட்டியிருந்ததாக, 2009-ல் சத்யம் கம்பெனித் தலைவரே ஒப்புக்கொண்டார். வங்கியில் பணம் இருக்கிறதா என்று வங்கியையே நேரில் கேட்டுத் தெளிய வேண்டும் என்பது ஆடிட்டரின் பாலபாடம். மரியாதைக்காகக் கேட்காமல் விடுவது மரியாதையே அல்ல.

ஆகவே, ஆடிட்டரை எப்போது அழைப்பது? சந்தேகம் முளைத்த பிறகு வருகிறவர் போலீஸ்காரராகவே தோன்றுவார். சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் நாளிலேயே வந்தால், அவர் சாட்சி. அரசுடைமை அல்லாத புதுக் கம்பெனி, பதிவான 30 நாளுக்குள் ஆடிட்டரை நியமிக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். தப்புச் செய்யக்கூட அவகாசம் கிடைத்திராத கம்பெனிக்குத்தான் இந்த விதி!

எனக்குத் தோன்றுவது இதுதான்: திருடனுக்குப் பொய்க்கணக்கு எழுதத் தெரியும். யோக்கியனுக்கோ தன் யோக்கியதையை நிரூபிக்கத் தெரியாது. ஆடிட்டர் அவனுக்குத்தான் அதிகம் தேவை.