களைத்த உடம்பும் சரியைத் தொண்டும்

திருமேனியார் வெங்கடாசலம் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய எங்கள் வல்வெட்டித்துறைச் சிவன் கோயிலில் மூலவருக்குத் திருநாமம் வைத்தீஸ்வரர். அந்த வைத்தியநாதனின் வாசலுக்கு வருவோரில் பலரை இன்று வாட்டுவது களைப்பு. விடிய எழும்பும்போதே உடம்பு ஓய்ந்து கிடக்கிறது; சின்னச் சொல்லுக்கும் எரிச்சல் வருகிறது; வாய் தேவாரம் பாட, மனம் வேறெங்கோ நிற்கிறது. இந்த மண் பட்டதைப் பார்த்தால் அதில் வியப்பில்லை. 1989 ஆகஸ்டின் படுகொலை, 2004 மார்கழியின் ஆழிப்பேரலை, 2009 வரை நீண்ட போர், 2022இன் பொருளாதார நெருக்கடி என ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. ஆனால் இந்தச் சோர்வைப் பக்திக் குறைவென்று எண்ணி, இன்னும் ஒரு விரதம், இன்னும் ஒரு நேர்த்தி என்று தங்களையே வருத்திக்கொள்பவர்களை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. களைத்தவருக்குச் சைவம் முதலில் காட்டும் வழி உடம்பைச் சீராக்குவதே என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு நெறிகளில் உடம்பால் செய்யும் தொண்டாகிய சரியையே முதற்படி. அப்பர் சுவாமிகளின் கையில் உழவாரப்படை இருந்ததை மறக்கலாமா? திருமூல நாயனாரும் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகம் சொல்லும்போது இயமத்தையும் நியமத்தையும் முன்னே வைத்து, தியானத்தையும் சமாதியையும் கடைசியில் வைத்தார். ஆகவே தியானத்தில் அமர முடியாமல் தவிப்பவர் பாவியல்லர். கீழ்ப்படி சரியாக அமையாமல் மேற்படியில் கால் வைத்தவர். அழியப்போகும் உடம்புக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று சிலர் கேட்பர். உடம்பை இழிவென்று முன்னர் எண்ணி, பின்னர் அதனுள்ளே இறைவன் குடியிருக்கக் கண்டு, அதைப் பேணத் தொடங்கியதாகச் சொன்னவரும் அதே திருமூலர்தான்.

நித்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களை விழித்தெழச் செய்யும் கோர்ட்டிசோல் என்ற சுரப்பு விடியலில் உயர்ந்து, இரவில் தாழ வேண்டியது. ஓயாத மன அழுத்தமும் ஒழுங்கற்ற உறக்கமும் அந்த ஏற்ற இறக்கத்தைக் குலைக்கின்றன. கைத்தொலைபேசியின் வெளிச்சமோ உறக்கத்தை அழைக்கும் மெலட்டோனினைப் பின்தள்ளுகிறது. ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் காலத்துக்கேற்ப ஒன்பதரை, பத்தரை மணி நேர வித்தியாசம். அங்கே பிள்ளை மத்தியான ஓய்வில் அழைக்க, இங்கே தாய் நடுச்சாமத்தை நெருங்கியும் விழித்திருக்கிறாள். அன்பு குறைய வேண்டாம். அழைப்பு காலைக்கு மாறட்டும், அப்போது அங்கே முன்னிரவு. பின்னேரத் தேத்தண்ணியிலுள்ள கஃபீனில் பாதி, நாலைந்து மணி நேரத்துக்குப் பிறகும் உடம்பில் நிற்கும். சாப்பாட்டோடு குடிக்கும் சாயத் தேத்தண்ணி, உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்பதையும் தடுக்கிறது. இரத்தச்சோகை உள்ளவருக்கு அதுவே களைப்பின் மேல் களைப்பு.

நல்ல சாப்பாட்டுக்குக் காசு எங்கே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் குரக்கன் புட்டும், சிவப்பரிசிக் கஞ்சியும், வேலியோர முருங்கையிலையும், வல்லாரைச் சம்பலும் இந்த மண்ணின் சாப்பாடு. விலைகூடிய சத்துமாப் பேணிகளுக்கு அவை குறைந்தவையல்ல. மச்சம் சாப்பிடுபவருக்குச் சூடை மீன் உண்டு. நேரத்துக்குச் சாப்பிடுவதும் சேர்ந்திருந்து சாப்பிடுவதும் அதைவிடப் பெரிது. பக்கத்துத் தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதியானை அன்னதானக் கந்தன் என்று ஊரே அழைக்கிறது. அவன் வாசலில் யாரும் தனியே இருந்து சாப்பிடுவதில்லை. விரதம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கந்தசட்டியில் ஆறு நாளும் உபவாசம் இருக்கும் வலு எல்லோருக்கும் இல்லை. ஓய்ந்துபோனவர், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர், பாலூட்டும் தாய் ஆகியோர் நேரத்துக்குச் சாப்பிட்டே விரதம் இருந்தால் முருகன் கோபிக்கமாட்டான்.

உறவை இழந்த துயரையும் கடனையும் கஞ்சி தீர்க்குமா என்றால், தீர்க்காது. அவற்றைத் தாங்கும் பலத்தைத்தான் அது தரும். போரின் உளத்தாக்கம் பற்றி 1993இலேயே ‘மனவடு’ நூலைத் தந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், மந்திர செபம் ஆகிய எங்கள் மரபு முறைகளையே சிகிச்சையோடு சேர்த்தார். அவற்றை வீட்டிலேயே பழகலாம். ஆனால் கிழமைக்கணக்காகக் களைப்பு மாறாவிட்டால் வைத்தியரிடம் போய் இரத்தமும் தைரொயிட்டும் பார்க்க வேண்டும். வாழ்வே வேண்டாமென்ற எண்ணம் வந்தால் ஒருநாளும் தாமதிக்கக்கூடாது. வைத்தியநாதனின் அடியாருக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதில் என்ன வெட்கம்?

அடியார்களே, எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, ஆறிய மிச்சத்தைக் கடைசியில் குசினியில் நின்றபடி சாப்பிடுபவள் ஒருத்தி இருக்கிறாள். வீட்டில் அதிகம் களைத்தவளும் அவள்தான். இன்றிரவு அவளை முதலில் இருத்தி, சுடச்சுடப் பரிமாறுங்கள்.